தோட்டத்துச் சடக்கு யார் கணக்கில்?

மழை பெய்தால் சேறு; வெயில் அடித்தால் புழுதி. பட்டணத்துத் தார்ச் சடக்கு தோட்டத்து வாயிலோடு நின்று விடுகிறது. அதற்கு அப்பால் கிடப்பது சடக்கா, மாடு மிதித்த வயலா என்று சொல்ல முடியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளையும், பிரசவ வலி கண்ட தாயும், பால் ஏற்றிய லோரியும், செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் அந்த ஒரே வழியில்தான் போக வேண்டும்.

இதைச் செப்பனிட வேண்டியவர் யார்? தோட்ட நிர்வாகியைக் கேளுங்கள். "அது மாவட்ட மன்றத்தின் வேலை" என்பார். மாவட்ட மன்றத்தைக் கேளுங்கள். "அது தனியார் நிலம்" என்பார்கள். பொதுப்பணி இலாகாவைக் கேளுங்கள். "எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு சடக்கே இல்லை" என்பார்கள். சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். "ஒதுக்கீடு வரட்டும், பார்க்கலாம்" என்பார். நாலு வாசல், நாலு பூட்டு, ஒரு சாவியும் இல்லை!

தொழிலாளத் தோழர்களே! இது ஒரு தோட்டத்தின் கதை அல்ல. ஒரு துரையின் கெட்ட குணமும் அல்ல. சிற்றூர்களின் பொதுவேலை எப்படித் திட்டமிடப்படுகிறது, பணம் எப்படி ஒதுக்கப்படுகிறது, குத்தகை யாருக்குப் போகிறது என்ற ஏற்பாட்டிலேயே நமக்கு இடம் இல்லை. அந்த ஏற்பாட்டை நாம் புரிந்து கொள்ளாத வரையில், மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்து போகுமே தவிர, சடக்குக்கு ஒரு கூடை கல் கூட வராது.

பதிவேட்டில் இல்லாத மைல்

சடக்கு பராமரிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, மாநிலங்களுக்கு சாலை மானியம் தர வேண்டும் என்கிறது. அதைக் கணக்கிடும் முறை பத்தாம் அட்டவணையில் இருக்கிறது. தகுதி பெற்ற சடக்கு எத்தனை மைல், ஒரு மைலைப் பராமரிக்க என்ன செலவு, இரண்டையும் பெருக்கினால் வருவதே மானியம்.

ஆகவே, மைல் கணக்கில் ஏறிய சடக்குக்கு ஆண்டுதோறும் சோறு உண்டு. கணக்கில் ஏறாத சடக்கு பட்டினி கிடக்க வேண்டியதுதான். 'மாரிஸ்' என்று அழைக்கப்படும் சாலைப் பதிவேடுதான் இந்தக் காலத்தில் அந்தப் படியரிசிப் பட்டியல். அதில் பெயர் இல்லாத சடக்கில் பள்ளம் விழுந்தால், அந்தப் பள்ளத்துக்கு சர்க்கார் பாஷையில் பெயரே கிடையாது.

பதிவேட்டில் ஏற என்ன வழி? சடக்கு ஓடும் நிலத்தைக் கொம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். மாநில அரசாங்கம் அதைச் சாலைக்கான ஒதுக்கு நிலமென்று அரசிதழில் அறிவிக்க வேண்டும். குறைந்தபட்சத் தரத்துக்குச் சடக்கைப் போட்டு, அளந்து, பதிய வேண்டும். இது மலையைப் பெயர்க்கும் காரியமா? இல்லை. ஆனால் முதல் காகிதத்தை யார் நகர்த்துவது என்பதில்தான் தலைமுறைகள் கழிந்து விடுகின்றன.

"தனியார் நிலம், அதில் கை வைக்க முடியாது" என்ற பேச்சைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. நெடுஞ்சாலை போட வேண்டுமா, தொழிற்பேட்டை எழுப்ப வேண்டுமா, 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. பொது நோக்கம் என்று சொல்லி, இழப்பீடு கொடுத்து, தோட்ட நிலத்தை ஏக்கர் ஏக்கராக எடுக்கிறார்கள். அப்போது தனியார் நிலம் என்று யாருக்கும் கை நடுங்குவதில்லை. தொழிலாளி நடக்கும் நாலு கஜ அகலச் சடக்கு என்று வந்தால் மட்டும் தனியுரிமை புனிதமாகி விடுகிறது! நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது பொது நோக்கம் இல்லையா?

செம்புத்தகத்தில் விட்டுப்போன பக்கம்

இந்த நாட்டுக்குக் கிராமத் திட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1959இல் கிராம வளர்ச்சிக்கென்று தனி அமைச்சு வந்தது. துணைப் பிரதமர் அப்துல் ரசாக் அவர்கள் அதை ஏற்று நடத்தினார். மாவட்டத்துக்கு ஒரு 'செம்புத்தகம்' திறக்கப்பட்டது. பெரிய வரைபடம், அதன் மேல் பாலத்துக்கு ஒரு தாள், குடிநீருக்கு ஒரு தாள், சடக்குக்கு ஒரு தாள், பள்ளிக்கு ஒரு தாள். மாவட்ட அதிகாரியின் தலைமையில் குழு உட்கார்ந்து, எந்தக் கம்பத்துக்கு என்ன வேண்டும் என்று குறித்து வைத்தது. இராணுவத்தில் போல் 'நடவடிக்கை அறை' அமைத்து, வேலை நடந்ததா, நின்றதா என்று சுவரிலேயே தெரியும்படி செய்தார்கள்.

அந்த முறையை நாம் குறை கூறவில்லை. ஊர் மக்களின் தேவையை ஊரிலிருந்தே எழுதி வாங்குவது நல்ல முறை. கம்பத்து ஏழை விவசாயிக்குச் சடக்கு போட்டது நியாயம்; அவரும் நம்மைப் போல் உழைப்பாளியே. நாம் கேட்பது ஒன்றுதான்: அதே வரைபடத்தில் தோட்டங்கள் எங்கே போயின? கம்பத்துக்குத் தலைவர் உண்டு, குழு உண்டு. புதுக் கிராமத்துக்கும் தலைவர் உண்டு. தோட்டத்துக்கு? நிர்வாகிதான் தலைவர், அவர்தான் குழு, அவர்தான் ஊர். ஆயிரம் பேர் குடியிருந்த லயங்கள் எல்லாம் ஒரு கொம்பெனியின் சொத்து என்ற ஒரே கோட்டுக்குள் அடங்கிப் போயின. வரைபடத்தில் ரப்பர் மரம் தெரிந்தது. மரத்தடியில் நின்ற மனிதன் தெரியவில்லை.

பிறகு சட்டங்கள் வந்தன. 1966இல் தொழிலாளர் வீட்டுக் குறைந்தபட்சத் தரச் சட்டம். அதன் இடத்தில் 1990இல் வீடும் வசதிகளும் பற்றிய சட்டம். வீடு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பில் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் அதுவே சாக்காகவும் ஆயிற்று. "உங்களுக்குத்தான் முதலாளி இருக்கிறாரே" என்று மன்றமும் மாவட்ட அலுவலகமும் கை கழுவின. தோட்டத்து வாயிலிலிருந்து பொதுச் சடக்கு வரை உள்ள வழியைப் பொதுச் சொத்தாக்கும் கடமை யார் தலையிலும் ஏறவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

வரி உண்டு, வாய் இல்லை

மன்றத்தின் சொந்த வருமானம் பெரும்பாலும் வீட்டு வரி என்னும் மதிப்பீட்டு வரிதான். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், 171ஆம் எண் சட்டம், தன் எல்லைக்குள் இருக்கும் சொத்துகளின் மேல் வரி போட மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எல்லை விரிந்து தோட்டத்தை விழுங்கினால் தோட்டத்தின் மேலும் வரி விழும். கொம்பெனி கட்டுகிறது என்பார்கள். கொம்பெனி எங்கிருந்து கட்டுகிறது? இருட்டில் எழுந்து மரம் வெட்டியவன், குலை அறுத்தவன், பழம் பொறுக்கியவள் இவர்களின் உழைப்பிலிருந்து. வரியை உண்டாக்குகிறவன் தொழிலாளி. ரசீது வாங்குகிறது கொம்பெனி. கால்வாய் வெட்டப்படுவது பட்டணத்தில்!

சிறிய மாவட்ட மன்றங்களின் கஷ்டம் நமக்குத் தெரியாமல் இல்லை. கடைகள் கொஞ்சம், தொழிற்சாலைகள் அதனினும் கொஞ்சம். சம்பளமும் குப்பை அள்ளும் செலவும் போனால் கையில் மிஞ்சுவது சொற்பம். வரி மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காலத்தை நீட்டிக்கொள்ளவும் அதே சட்டம் கதவு திறந்து வைத்திருக்கிறது. வரி உயர்ந்தால் ஓட்டுப் போகும் என்று மேலே இருப்பவர்கள் அஞ்ச, பட்டியல் பழசாகிக் கிடக்கிறது. மீதிக்கு மாநிலத்தையும் கூட்டரசையும் எதிர்பார்த்துக் கையேந்தி நிற்க வேண்டும். கையேந்தி நிற்கும் மன்றம், கொடுப்பவனின் முகத்தைத்தான் பார்க்கும். குடிமகனின் முகத்தைப் பார்க்காது.

ஓட்டைப் பறித்த கதை

முன்பு அப்படி இருக்கவில்லை. 1951இல் ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1952இல் ஊர் மன்றச் சட்டம் வந்து, புதுக் கிராமங்களும் சிற்றூர்களும் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரின் முதல் மேயராக தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன் அமர்ந்தார். தமிழன் மகன் மேயர் ஆனது மட்டும் பெருமை அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டதால் ஆனார் என்பதே பெருமை.

1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இந்தோனேசியாவுடன் நடந்த 'கொன்ஃபிரொன்தாசி' மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது. நிறுத்தி வைத்தது முடிந்ததா? இல்லை. இடைக்கால ஏற்பாடு என்றார்கள். இடைக்காலத்தில் பிறந்த குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்து விட்டார்கள்!

செனட்டர் ஆதி நாகப்பன் அவர்கள் தலைமையில் ஓர் அரச விசாரணைக் குழு நாடெங்கும் ஆராய்ந்து, 1968இல் அறிக்கை கொடுத்தது. மன்றங்களில் ஊழலும் குளறுபடியும் உண்டு என்ற புகார்களை எல்லாம் கேட்ட பிறகும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 1971இல்தான் வெளியே வந்தது. அதன் முக்கியப் பரிந்துரையை ஏற்காமல், 1976இல் 171ஆம் எண் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அதன் 10ஆம் பிரிவின்படி கவுன்சிலர்களை மாநில அரசாங்கம் நியமிக்கும். 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் இருப்பார்கள். 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலின் கதவை இழுத்துச் சாத்தி விட்டது. பினாங்கு மாநிலம் தன் சொந்தச் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று.

விளைவு என்ன? கவுன்சிலர் பதவி கட்சிகளுக்குள் பங்கு போடப்படுகிறது. நியமித்தவருக்குக் கவுன்சிலர் நன்றியுள்ளவராக இருக்கிறார். நம் லயத்துக்கு அவர் வரவேண்டிய அவசியம் என்ன? வராவிட்டால் அவருக்கு நஷ்டம் என்ன?

குத்தகையில் கரையும் கல்லும் தாரும்

சரி, எப்படியோ பணம் வந்து விட்டது என்று வைத்துக்கொள்வோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

பெரிய வேலைக்குப் பகிரங்க டெண்டர். நடுத்தர வேலைக்கு விலைப்புள்ளி. சிறு வேலைக்கு நேரடியாகவோ சீட்டுக் குலுக்கியோ கொடுப்பது என்று விதி இருக்கிறது. குத்தகைக்காரர்கள் ஜி1 முதல் ஜி7 வரை தரம் பிரித்துப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, டெண்டருக்குத் தப்பும்படி கொடுக்கக் கூடாது என்பதும் விதி. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கே இருக்கிறது? ஒரே சடக்கை இந்த ஆண்டு இருநூறு கஜம், அடுத்த ஆண்டு இருநூறு கஜம் என்று போடும் இடத்தில் இருக்கிறது. குத்தகை எடுத்தவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்று கை மாறும் இடத்தில் இருக்கிறது. முதல் கைக்கு ஒரு பங்கு, இரண்டாம் கைக்கு ஒரு பங்கு போனால், மிச்சப் பணத்தில் எத்தனை அங்குலம் தார் விழும்? கணக்குப் போட கிராணி வேண்டியதில்லை. வாளி தூக்கும் நம் பெண்களே போட்டு விடுவார்கள்.

இன்னொரு கேட்டையும் கவனியுங்கள். நம் அரசாங்கத்தின் கணக்கு ஆண்டு டிசம்பரோடு முடிகிறது. செலவாகாத பணம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் அக்டோபருக்கு மேல் அவசரம் பிறக்கிறது. அந்த மாதங்கள்தான் தீபகற்பத்தின் பல பகுதிகளில் நல்ல மழை. ஈர மண்ணைச் சரியாக இறுக்காமல், பக்கத்தில் கால்வாய் வெட்டாமல், அதன் மேல் தாரைக் கொட்டினால் அது எத்தனை நாள் நிற்கும்? சடக்குக்கு முதல் எதிரி லோரி அல்ல, தண்ணீர். நடு உயர்ந்து, ஓரம் சரிந்து, கால்வாய் ஓடினால் செம்மண் சடக்குக்கூட வாழும். கால்வாய் இல்லாத தார்ச் சடக்கு, குலை லோரி நாலு முறை போனால் பிளந்து விடும். குத்தகையில் முதலில் வெட்டப்படுவது அந்தக் கால்வாய்தான். ஏனென்றால் திறப்பு விழாவில் படம் பிடிப்பவர் கால்வாயைப் படம் பிடிப்பதில்லை.

குத்தகைப் பத்திரத்தில் குறை திருத்தும் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் சடக்கு கெட்டால் குத்தகைக்காரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் என்றைக்கு முடிகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? யாரும் சொல்வதில்லை. காலம் முடிந்த மறுநாள் பள்ளத்தை எண்ணிப் பார்த்து என்ன பயன்?

சாக்குகளும் பதில்களும்

"தேர்தல் வைத்தால் இனச் சண்டை வரும்" என்கிறார்கள். 2018 டிசம்பரில் அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அவர்களும் இதே காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தார். கேட்கிறோம்: நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வைக்கலாம், சட்டமன்றத்துக்கு வைக்கலாம், குப்பை அள்ளவும் கால்வாய் வெட்டவும் ஆள் தேர்ந்தெடுத்தால் மட்டும் சண்டை வந்து விடுமா? அடைத்த சாக்கடைக்கு இனம் ஏது? மலாய்க்காரர் கம்பத்திலும் சீனர் புதுக் கிராமத்திலும் தமிழர் லயத்திலும் அது ஒரே நாற்றம்தான் நாறுகிறது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஊர் ஒன்றுபட்டால் நஷ்டப்படுவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

"தோட்டங்களில் இப்போது ஆளே இல்லை, பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்" என்பது அடுத்த சாக்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது உண்மை. துண்டாடலாலும் மேம்பாட்டாலும் நம்மவர்கள் பலர் சிற்றூர்களின் ஓரத்தில் குடியேறியதும் உண்மை. அதனால் பிரச்சினை தீர்ந்ததா? லயத்துச் சேற்றிலிருந்து பட்டணத்து ஓரத்துச் சேற்றுக்கு வந்திருக்கிறோம்! இந்தோனேசியத் தொழிலாளியும் வங்காளதேசத் தொழிலாளியும் நேபாளத் தொழிலாளியும் நடக்கும் சடக்கு நம் சடக்குதான். அவர்களுக்குச் சேறு போதும் என்று சொல்லும் வாய், நேற்று நமக்கும் அதையே சொன்ன வாய்.

நாம் கேட்பவை

ஒன்று: தோட்டத்துக்குள் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் போகும் பிரதான சடக்கை அளந்து, அரசிதழில் அறிவித்து, சாலைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கொம்பெனி இணங்காவிட்டால் நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு: தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு மாவட்ட மன்றத்திலும் தொழிலாளர் பிரதிநிதி கவுன்சிலராக நியமிக்கப்பட வேண்டும். தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தகுந்தவரை நியமிக்கலாம் என்று 10ஆம் பிரிவே சொல்கிறது. வர்த்தகர் தகுந்தவர் என்றால் மரம் வெட்டுபவர் தகாதவரா?

மூன்று: வேலை நடக்கும் இடத்தில் குத்தகைத் தொகை, குத்தகைக்காரர் பெயர், சடக்கின் நீளம், தாரின் கனம், குறை திருத்தும் காலம் முடியும் தேதி இவற்றை எழுதிப் பலகை வைக்க வேண்டும். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வைக்க வேண்டும்.

நான்கு: பினாங்கும் சிலாங்கூரும் தகவல் பெறும் சட்டம் இயற்றின. மற்ற மாநிலங்களும் இயற்ற வேண்டும். பொதுப்பணத்தின் கணக்கைக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

ஐந்து: ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவேண்டும். முதல் நாலும் இதற்குப் படிகளே. இதுதான் வீடு.

கிளைகளுக்கு ஒரு வார்த்தை

மன்றம் அடுத்த ஆண்டின் வரவு செலவு மதிப்பீட்டை ஆண்டு முடியுமுன்பே மாநில அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். எனவே டிசம்பரில் மனுக் கொடுப்பது, பந்தி முடிந்தபின் இலை போடுவது. ஆண்டின் நடுவிலேயே கொடுங்கள். "சடக்கு சரியில்லை" என்று எழுதாதீர்கள். எந்த மைல் கட்டையிலிருந்து எந்த மைல் கட்டை வரை, எத்தனை கஜம், எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், எங்கே பாலம் இற்றுப் போனது என்று எழுதுங்கள். கிளைச் செயலாளர் ஒரு கயிறு எடுத்து அளந்தால் அரை நாளில் முடியும் வேலை. முத்திரையிட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு, மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றமே வேறு தீர்மானம் செய்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரருக்கும் திறந்தது என்று 171ஆம் எண் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. கமிட்டிக் கூட்டங்களுக்கு அந்த விதி இல்லை. உண்மையான பேரம் அங்கேதான் நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் திறந்த கதவைப் பயன்படுத்தாதவன் மூடிய கதவைத் தட்ட முடியாது. மாதம் ஒரு முறை இரண்டு தோழர்கள் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். பேச வேண்டாம், குறிப்பு மட்டும் எடுங்கள். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே பல நாற்காலிகள் நிமிர்ந்து உட்காரும். கம்பத்துக் குழுவையும் புதுக் கிராமத்துக் குழுவையும் கூடவே அழைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு நாம் போராடினோம். ஒன்றுபட்டுக் கேட்டதால் பெற்றோம். சடக்கும் சம்பளத்தின் ஒரு பகுதியே. வேலைக்கு வரும் வழியில் உடைந்த சைக்கிளும், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த காலும், ஆம்புலன்ஸ் வர மறுத்ததால் போன உயிரும் நம் கூலியிலிருந்து பிடிக்கப்பட்ட தொகை அல்லவா?

காடழித்து இந்த நாட்டின் சடக்குகளுக்கு முதற்கல் உடைத்த கைகள் நம் பாட்டன்மாரின் கைகள். ரயில் பாதைக்கு மண் சுமந்த தோள்கள் நம் பாட்டிமாரின் தோள்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பது தங்கள் வீட்டு வாசல் வரை ஒரு சடக்கு. அதைக் கணக்கில் எழுதும் வரையில் நாம் ஓயமாட்டோம்.

கேட்போம்! கணக்குக் கேட்போம்! கூடி நின்று கேட்போம்!